எக்ஸ்7-க்கு அப்புறம் எக்ஸ்10: எண்ம எண்ணுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்த முதல் வாரம். வெல்டிங் ஃபிக்சர் ஒன்றுக்குப் பன்னிரண்டு சென்சார். அவற்றின் ஒயர்களைப் பேனலுக்குள் இழுத்து பி.எல்.சி.யில் மாட்ட வேண்டும். ஒழுங்கான பையன் என்று பேர் வாங்க நினைத்து, ஃபெரூல் எல்லாவற்றையும் முந்தின நாளே எழுதிக் கோர்த்து வைத்தேன்: எக்ஸ்0, எக்ஸ்1 என்று தொடங்கி எக்ஸ்11 வரை.

எக்ஸ்7 வரை ஒயர்கள் தானாகப் போய் உட்கார்ந்தன. எக்ஸ்8 என்று ஒரு டெர்மினலே இல்லை. எக்ஸ்9-உம் இல்லை. எக்ஸ்7-க்குப் பக்கத்தில் எக்ஸ்10 என்று அச்சடித்திருந்தது. அச்சுப் பிழை என்று முடிவு கட்டினேன். (இருபது வயதில் தப்பு எப்போதும் ஜப்பான்காரன் பக்கம்தான் இருக்கும்.) எக்ஸ்10, எக்ஸ்11 ஃபெரூல் போட்ட ஒயர்களை அந்தந்த டெர்மினலில் மாட்டிவிட்டு, மிஞ்சிய இரண்டையும் எக்ஸ்12-இலும் எக்ஸ்13-இலும் செருகினேன். கடைசி நான்கு சென்சாரும் இடம் மாறிவிட்டன. மறுநாள் காலை சிலிண்டர் முன்னால் போய் அப்படியே நின்றது. அது போய்ச் சேர்ந்த சேதி பி.எல்.சி.க்கு வரவே இல்லை. அரை ஷிஃப்ட் போனது.

கண்டுபிடித்தவர் எங்கள் ஷிஃப்ட் எலெக்ட்ரீஷியன் அண்ணன். திட்டவில்லை. டீ குடிக்கும்போது கேட்டார்.

"ஏம்பா, வீட்ல நகை வாங்கியிருக்கீங்களா? ஏழு கிராமுக்கு அப்புறம் என்ன?"

"எட்டு கிராம்ணே."

"கடைக்காரன் எட்டு கிராம்னா சொல்லுவான்?"

"ஒரு பவுன்னு சொல்லுவான்."

"அவ்வளவுதான். எக்ஸ்10-னா ஒரு பவுன், பூஜ்யம் கிராம்."

அந்த டீ நேரத்துப் பேச்சின் நீட்சிதான் இந்த வழிகாட்டி. டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ முடித்துவிட்டு, விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், படப்பை பஸ் நிறுத்தங்களில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். கூட்டல், கழித்தல், எட்டாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

முதல் படி: எட்டில் கட்டும் மூட்டை

நாம் வழக்கமாக எண்ணுவது பத்துப் பத்தாக மூட்டை கட்டும் முறை. அது பதின்ம முறை. எட்டெட்டாக மூட்டை கட்டினால் எண்ம முறை. ஷாப் ஃப்ளோரில் எல்லோரும் சொல்வது ஆக்டல். பத்தில் கட்டும்போது 0 முதல் 9 வரை பத்து இலக்கம் தேவை. எட்டில் கட்டும்போது 0 முதல் 7 வரை எட்டு இலக்கம் போதும். 8 என்ற இலக்கத்துக்கு அங்கே வேலையே இல்லை, ஏனென்றால் எட்டு சேர்ந்த உடனே அது ஒரு மூட்டையாகிவிடுகிறது.

எட்டுப் பவுனையும் எட்டு கிராமையும் குழப்பிக்கொள்ளாத நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதே அல்ல. 29 கிராம் என்றால் 3 பவுன் 5 கிராம். அதையே ஒட்டி எழுதினால் 35. இதுதான் 29-இன் எண்ம வடிவம். வாசிக்கும்போது 'முப்பத்தைந்து' என்று சொல்லாதீர்கள். 'மூன்று ஐந்து' என்று சொல்லுங்கள். முப்பது என்ற சொல்லுக்குள் பத்து ஒளிந்திருக்கிறது. பாதிக் குழப்பம் வாயிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

பவுனைவிடப் பழையது நெல் கணக்கு. இன்று சிப்காட் ஷெட்கள் நிற்கும் இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் களத்து நெல்லை அளந்தது இப்படி: 8 ஆழாக்கு 1 படி, 8 படி 1 மரக்கால். (தலைப்பில் இருப்பது ஏறும் படி, இது அளக்கும் படி.) கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மெட்ராஸ் அளவைப் பட்டியல்களிலும் இதே எட்டும் எட்டும்தான். ஆக, '3 மரக்கால் 5 படி 2 ஆழாக்கு' என்று சொன்ன விவசாயி, 352 என்ற மூன்றிலக்க எண்ம எண்ணைத்தான் சொல்லியிருக்கிறார். அதற்கு மேலே போகும்போது கணக்கு கெட்டுவிடுகிறது. 12 மரக்கால் 1 கலம் என்று நடுவில் ஒரு மூன்று நுழைந்துவிட்டது. எட்டு மரக்காலுக்கும் ஒரு பெயர் வைத்து அங்கேயே மூட்டை கட்டியிருந்தால் நமக்கு வசதியாக இருந்திருக்கும்.

இரண்டாம் படி: எண்மத்தைப் படிப்பது

ஒவ்வொரு இலக்கத்துக்கும் அது நிற்கும் இடத்தைப் பொறுத்து மதிப்பு. வலமிருந்து இடமாக 1, 8, 64, 512, 4096. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல எட்டு மடங்கு. 352 என்றால் 3 × 64, 5 × 8, 2 × 1; கூட்டினால் 192 + 40 + 2 = 234 ஆழாக்கு.

64, 512 எல்லாம் மனதில் நிற்காதவர்களுக்கு வேறு வழி உண்டு. இடப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து, எட்டால் பெருக்கி அடுத்த இலக்கத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எக்ஸ்125-ஐ எடுத்துக்கொள்வோம். 1, அதை எட்டால் பெருக்கி 2 கூட்டினால் 10, அதை எட்டால் பெருக்கி 5 கூட்டினால் 85. முடிந்தது.

ஏணி மேல் நின்றுகொண்டு, ஒரு கையில் டெஸ்டர் பிடித்துக்கொண்டு போடுவதற்கு இன்னொரு குறுக்கு வழி. இரண்டிலக்க எண்மத்தைச் சாதாரண எண்ணாகவே படியுங்கள். முன்னிலக்கத்தின் இரண்டு மடங்கைக் கழித்துவிடுங்கள். 35-இல் 6 போக 29. 27-இல் 4 போக 23. பத்து என்று நாம் நினைத்த ஒவ்வொரு மூட்டையும் உண்மையில் எட்டுதான். மூட்டைக்கு இரண்டு வீதம் அதிகமாக எண்ணிவிட்டோம், அதைத் திருப்பிக் கொடுக்கிறோம். மூன்றிலக்கம் என்றால் முதல் இலக்கத்தின் 36 மடங்கையும் நடு இலக்கத்தின் 2 மடங்கையும் கழிக்க வேண்டும். 125 – 36 – 4 = 85.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பி.எல்.சி. பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. எக்ஸ்27-இன் மதிப்பு 23. ஆனால் அது 24-ஆவது டெர்மினல். மிட்சுபிஷி எஃப்.எக்ஸ்.3யு கையேட்டில் இன்புட் எக்ஸ்000 முதல் எக்ஸ்367 வரை, மொத்தம் 248 புள்ளிகள் என்றிருக்கும். 3; 24 + 6 = 30; 240 + 7 = 247; பூஜ்யத்தையும் சேர்த்து 248. முதன்முதலாக அந்த வரியைப் பார்த்து '367 வரை இருந்தால் 368 தானே வரணும்' என்று நினைத்தவர்கள் இனி நிம்மதியாகத் தூங்கலாம்.

மூன்றாம் படி: எண்மத்தில் எழுதுவது

இது அடகுக் கடைக் கணக்கு. 150 கிராம் என்றால் எத்தனை பவுன்? 150-ஐ எட்டால் வகுக்க ஈவு 18, மிச்சம் 6. அந்த 18 பவுனையும் எட்டெட்டாகக் கட்டினால் 2 கட்டு, மிச்சம் 2. அந்த 2-ஐ எட்டால் வகுத்தால் ஈவு பூஜ்யம், மிச்சம் 2. மிச்சங்களைக் கடைசியில் வந்ததிலிருந்து முதலில் வந்தது வரை, தலைகீழாக எழுதுங்கள்: 226. சரிபார்க்க: 128 + 16 + 6 = 150.

தலைகீழ் என்பதை மறப்பதுதான் இங்கே வழக்கமான தப்பு. முதலில் விழும் மிச்சம் சில்லறை. சில்லறை எப்போதும் வலது ஓரம்.

நான்காம் படி: விளக்குகளைப் படிப்பது

எட்டை எதற்குப் பிடித்துக்கொண்டார்கள் என்பது பேனலைத் திறந்தால் தெரியும். பி.எல்.சி. முகப்பில் ஒவ்வொரு இன்புட்டுக்கும் ஒரு குட்டி எல்.இ.டி. எரிந்தால் 1, அணைந்தால் 0. மூன்று விளக்குகள் எரியவும் அணையவும் மொத்தம் எட்டு விதம்தான் உண்டு. எண்ம இலக்கங்களும் எட்டு. மூன்று விளக்கு, ஓர் இலக்கம். மிச்சம் மீதி இல்லாமல் பொருந்துகிறது. பத்துக்கு இந்த வசதி கிடையாது. இரண்டை இரண்டால் எத்தனை முறை பெருக்கினாலும் பத்து வராது.

மறுபடி நெல் கணக்குக்கு வருவோம். படிக்கும் ஆழாக்குக்கும் நடுவே இன்னும் இரண்டு அளவைகள் இருந்தன. 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி. அதாவது உரி 4, உழக்கு 2, ஆழாக்கு 1. இந்த மூன்று பாத்திரங்களை, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை மட்டும் பயன்படுத்தி, பூஜ்யத்திலிருந்து ஏழு ஆழாக்கு வரை எதையும் அளந்துவிடலாம். ஐந்து வேண்டுமா, உரியும் ஆழாக்கும். மூன்று வேண்டுமா, உழக்கும் ஆழாக்கும். ஆறுக்கு உரியும் உழக்கும். பயன்படுத்திய பாத்திரத்துக்கு 1, சும்மா இருந்ததற்கு 0 போட்டால் ஐந்து 101, மூன்று 011, ஆறு 110. இதுதான் கம்ப்யூட்டரின் இரும எண். பாட்டி வீட்டு அலமாரியில் மூன்று பிட் இருந்திருக்கிறது.

இப்போது எட்டு விளக்குகளைப் பார்ப்போம். எக்ஸ்7-ஐ இடப்பக்கமும் எக்ஸ்0-ஐ வலப்பக்கமும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்:

01101011

வலது ஓரத்திலிருந்து மூன்று மூன்றாக வெட்டுங்கள்: 01, 101, 011. ஒவ்வொரு துண்டையும் உரி, உழக்கு, ஆழாக்கு என்று படியுங்கள்: 1, 5, 3. ஆக 153. பதின்மத்தில் 64 + 40 + 3 = 107. இடது ஓரத்தில் இரண்டு விளக்குகளே மிஞ்சுவதால் அங்கே 3-க்கு மேல் வராது. அதனால் எட்டு விளக்கும் எரிந்தால் வருவது 777 அல்ல, 377, பதின்மத்தில் 255. பதினாறு விளக்குக்கு உச்சம் 177777.

எட்டு சென்சாரையும் நார்மலி ஓப்பனிலிருந்து நார்மலி க்ளோஸ்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். எரிந்தது அணையும், அணைந்தது எரியும். புதிய எண் என்ன? 377-இலிருந்து 153-ஐக் கழித்தால் போதும்: 224. எந்த இலக்கத்திலும் கடன் வாங்க வேண்டி வராது. வந்தால் எங்கேயோ தப்பு.

ஐந்தாம் படி: அட்ரஸ் ஒதுக்கும் கூட்டல்

புது மெஷினுக்கு ஐ.ஓ. லிஸ்ட் போடும்போதுதான் கூட்டல் தேவைப்படும். எக்ஸ்15-இலிருந்து ஆறு இன்புட் ஒதுக்க வேண்டும். அடுத்து காலியாக இருப்பது எது? 15 + 6. கடைசி இலக்கங்கள் 5 + 6 = பதினொன்று; அது ஒரு எட்டும் மூன்றும். மூன்றைப் போட்டு ஒன்றைக் கொண்டு போனால் 23. ஆறு புள்ளிகள் 15, 16, 17, 20, 21, 22. காலி எக்ஸ்23.

கழித்தலில் கடன் வாங்கினால் வருவது பத்து அல்ல, எட்டு. இதை மட்டும் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 23 – 15: 3-இல் 5 போகாது, எட்டு கடன் வாங்கினால் பதினொன்று, அதில் 5 போக 6.

எட்டால் பெருக்க வலப்பக்கம் ஒரு பூஜ்யம் சேர்த்தால் முடிந்தது. எஃப்.எக்ஸ். பி.எல்.சி.க்குப் பக்கத்தில் எக்ஸ்டென்ஷன் பிளாக் மாட்டும்போது அதன் முதல் அட்ரஸ் எப்போதும் பூஜ்யத்தில் முடிவதற்கும் இதுதான் காரணம்: எட்டுப் புள்ளி ஒரு கட்டு. முன்னிலக்கம் எந்தக் கட்டு என்று சொல்கிறது, பின்னிலக்கம் கட்டுக்குள் எத்தனையாவது என்று சொல்கிறது. எக்ஸ்34 என்று சொன்னால் கண் தானாக எக்ஸ்30 வரிசைக்குப் போய்விடும்.

ஆறாம் படி: இலக்கத்தைப் பார்த்தே வகுபடுமா என்று சொல்வது

பேனலுக்கு இது அவசியமில்லை. ஆனால் எண்ம எண்ணின் அழகு இங்கேதான் இருக்கிறது என்பதால் தாண்டிப் போக மனமில்லை.

சுலபமானவை முதலில். கடைசி இலக்கம் இரட்டை என்றால் எண்ணும் இரட்டை. கடைசி இலக்கம் 0 அல்லது 4 என்றால் நான்கால் வகுபடும். 0 என்றால் எட்டால் வகுபடும். பதின்மத்தில் எட்டால் வகுபடுமா என்று பார்க்க மூன்று இலக்கம் பார்க்க வேண்டும். இங்கே ஒன்று போதும்.

பதின்மத்தில் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதால் வகுபடுமா என்று தெரியும். எண்மத்தில் அந்த வேலையை ஏழு செய்கிறது. 4 பவுன் 3 கிராமை ஏழு ஏழு கிராமாகப் பங்கு போட முடியுமா? ஒவ்வொரு பவுனிலிருந்தும் ஏழு கிராமை எடுத்துவிட்டால் ஒரு கிராம் மிஞ்சும். நான்கு பவுனுக்கு நான்கு கிராம். கையில் இருந்த மூன்றையும் சேர்த்தால் ஏழு. சரியாகப் போகிறது, 43 என்பது பதின்மத்தில் 35. இலக்கங்களின் கூட்டுத்தொகை ஏழால் வகுபட்டால் எண்ணும் வகுபடும். வகுபடாவிட்டால், அந்தக் கூட்டுத்தொகையின் மிச்சமே எண்ணின் மிச்சம்.

ஒன்பதுக்கு வேறு விதி. பவுனோடு ஒரு கிராம் சேர்த்தால் ஒன்பது. ஆகவே 4 பவுன் 4 கிராம், 6 பவுன் 6 கிராம் எல்லாம் ஒன்பதால் வகுபடும். பெரிய எண்ணில் இலக்கங்களை ஒன்று விட்டு ஒன்று கூட்டி, இரண்டு கூட்டுத்தொகைகளின் வித்தியாசத்தைப் பாருங்கள். பூஜ்யமோ ஒன்பதின் மடங்கோ வந்தால் சரி. பதின்மத்தில் பதினொன்றுக்குச் செய்வோமே, அதே வித்தை. மூன்றுக்கும் இதே வித்தியாசம்தான் பார்க்க வேண்டும். பள்ளிப் பழக்கத்தில் இலக்கங்களைக் கூட்டினால் ஏமாந்து போவீர்கள். எண்ம 12-இன் கூட்டுத்தொகை 3. ஆனால் அது பத்து, மூன்றால் வகுபடாது.

கடைசியாக எனக்குப் பிடித்தது. ஒற்றைப்படை எண்களின் வர்க்கத்தை எண்மத்தில் எழுதிப் பாருங்கள். 1-இன் வர்க்கம் 1. மூன்றின் வர்க்கம் ஒன்பது, அதாவது 11. ஐந்தின் வர்க்கம் 31. ஏழின் வர்க்கம் 61. ஒன்பதின் வர்க்கம் 121. எல்லாமே 1-இல் முடிகின்றன. எந்த ஒற்றை எண்ணை எடுத்தாலும் இப்படித்தான். அதோடு நிற்கவில்லை. அந்தக் கடைசி 1-ஐ அழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்: 0, 1, 3, 6, 12 (எண்ம 12, அதாவது பத்து). அகல் விளக்குகளை முக்கோணமாக அடுக்கினால் வருகிற 1, 3, 6, 10 வரிசை! காரணம் சின்னது. ஒற்றை எண்ணை 2க + 1 என்று எழுதினால் அதன் வர்க்கம் 4க(க + 1) + 1. அடுத்தடுத்த இரண்டு எண்களில் ஒன்று இரட்டை என்பதால் க(க + 1) இரண்டால் வகுபடும். முதல் உறுப்பு எட்டின் மடங்காகிவிடும். எத்தனை மடங்கு என்றால் க(க + 1)-இல் பாதி, அதுதான் முக்கோண எண். இதனால் ஒரு பிரேக்டவுனும் தீராது. இருக்கட்டும்.

ஏழாம் படி: எங்கே ஆக்டல், எங்கே இல்லை

உண்மையான ஆபத்து இங்கேதான். ஒரே பி.எல்.சி.க்குள்ளேயே எல்லா எண்ணும் எண்மம் அல்ல. மிட்சுபிஷி எஃப்.எக்ஸ். வரிசையில் எக்ஸ், ஒய் இரண்டும் மட்டும் எண்மம். எம் ரிலே, டி ரிஜிஸ்டர், டைமர், கவுன்டர் எல்லாம் பதின்மம். சந்தேகம் வந்தால் எம்8000-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். பி.எல்.சி. ரன்னில் இருக்கும்வரை ஆனிலேயே இருக்கும் அந்த ரிலேயின் பெயரில் 8 இருக்கிறது. ஆகவே அது எண்மமாக இருக்க முடியாது. அதே கம்பெனியின் பெரிய கியூ வரிசைக்குப் போனால் எக்ஸ்7-க்கு அப்புறம் எக்ஸ்8, எக்ஸ்9, எக்ஸ்ஏ என்று பதினாறில் மூட்டை கட்டுகிறார்கள். டெல்டா டி.வி.பி.யில் மறுபடி எண்மம். சீமென்ஸ் நடுவில் புள்ளி வைத்து ஐ0.7-க்கு அப்புறம் ஐ1.0 என்று எழுதுகிறது. எட்டில்தான் மூட்டை, ஆனால் புள்ளி இருப்பதால் யாரும் குழம்புவதில்லை. என்னைக் கேட்டால் அதுவே நேர்மையான எழுத்து முறை. ஓம்ரானில் ஒரு வேர்டுக்கு 00 முதல் 15 வரை.

அதனால் புதுப் பேனலைத் திறந்ததும் முதல் வேலையாக 7-க்குப் பக்கத்து டெர்மினலில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு நொடி வேலை.

பேனலுக்கு வெளியேயும் ஆக்டல் உண்டு. லினக்ஸ் ஓடும் இண்டஸ்ட்ரியல் பி.சி.யில் ஃபைலுக்கு 755 என்று அனுமதி கொடுப்பார்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. உரி, உழக்கு, ஆழாக்கு. உரிமையாளருக்கு 7, அதாவது மூன்றும். குழுவுக்கும் மற்றவர்களுக்கும் 5, அதாவது படிக்கலாம், இயக்கலாம், எழுத முடியாது. சி மொழியில் எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போட்டால் அது எண்மமாகிவிடும். அழகுக்காக 0123 என்று எழுதியவருக்கு 83 கிடைக்கும். தலைக்கு மேலே மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் எண்ணும் நான்கு எண்ம இலக்கம்தான். மொத்தம் 4096 எண்கள். அவசரம் என்றால் 7700, ரேடியோ பழுது என்றால் 7600, கடத்தல் என்றால் 7500.

எட்டாம் படி: பயிற்சி

தாளில் போட்டுப் பாருங்கள். விடைகள் கீழே.

எக்ஸ்46 எத்தனையாவது டெர்மினல்? பதின்ம 100-ஐ எண்மத்தில் எழுதுங்கள். எக்ஸ்36-இலிருந்து ஐந்து புள்ளி ஒதுக்கினால் கடைசிப் புள்ளி எது? 2 மரக்கால் 7 படி 7 ஆழாக்கோடு இன்னும் ஒரு ஆழாக்கு சேர்த்தால் எவ்வளவு? எண்ம 52 ஏழால் வகுபடுமா? பன்னிரண்டு சென்சாருக்கு எஃப்.எக்ஸ். பி.எல்.சி.யில் எக்ஸ்0-இலிருந்து ஃபெரூல் எழுதுங்கள்.

46-இல் 8 போக 38. பூஜ்யத்தையும் சேர்த்து 39-ஆவது. 144. எக்ஸ்42. சரியாக 3 மரக்கால். வகுபடும், அது 42. எக்ஸ்0 முதல் எக்ஸ்7 வரை எட்டு, எக்ஸ்10 முதல் எக்ஸ்13 வரை நான்கு. எக்ஸ்8, எக்ஸ்9 ஃபெரூல்களை டப்பாவிலேயே விட்டுவிடுங்கள்.